பட்ட மரத்திற் பூக்கும் காளான்

ஆடி, ஆவணி வெயிலிற் சருகாய்க் கிடந்த வன்னிக் காடு, ஐப்பசியில் வாடைமழை தொடங்கிப் பத்து நாட் செல்லுமுன் வேறோர் உருக் கொள்ளும். வீழ்ந்து கிடந்த வீரையின் மேலும், சேனைக்கென வெட்டிச் சுட்டு மிஞ்சிய அடிக்கட்டைகளின் மேலும், வேலிக்கு நட்ட பழங் கதிகால்களின் மேலும் வெண்மையும் சாம்பலும் செம்மையுமாகக் காளான்கள் அணியணியாய் வெளிப்படும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலே கடகத்தோடு காட்டோரம் சென்று இவற்றைத் தேடுவோர் உளர். அறிந்தோர்க்கு அது செலவில்லாக் கறி. அறியாதோர்க்கு அதுவே நஞ்சாதலும் கூடும். ஆகவே, மரத்திற் காளான் தோன்றுவது எவ்வாறு, அவற்றுள் உண்ணத்தக்கனவும் தகாதனவும் பிரித்தறியப்படுவது எவ்வாறு என்பனவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

இடி முழங்கினாற் காளான் முளைக்கும் என்பது நாட்டார் வழக்கு. இதனை மூட நம்பிக்கையென ஒதுக்குவோர் அவசரப்படுகின்றனர் எனலாம். இடியோடு வருவது மழை. மழையோடு வருவது ஈரம். ஈரமே காளானை வெளிக்கொணர்வது. இந்த அளவில் வழக்கு பொய்யன்று. மேலும், யப்பானில் மரக்கட்டைகளிற் காளான் வளர்ப்போரிடையேயும் இதே நம்பிக்கை உண்டு. அந்நாட்டின் இவாத்தே பல்கலைக்கழகத்தார் கட்டைகளுக்கு உயர்மின்னழுத்தத்தைக் கணநேரம் செலுத்திப் பார்த்து, விளைவு பெருகக் கண்டனர். இச்செய்தி 2010ஆம் ஆண்டிலே பலரும் அறிய வெளிவந்தது.

காளானைப் பழந்தமிழர் ஆம்பி என்றனர். புறநானூற்றின் 164ஆம் பாட்டிலே, பெருந்தலைச் சாத்தனார் தம் இல்லத்து வறுமையைக் குமணனுக்கு உரைக்குமிடத்து, சமைத்தலையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படையோ இன்னும் நுட்பமானது. பாணனின் பாழ்பட்ட வீட்டிலே, பழஞ்சுவரைக் கறையான் அரித்து உதிர்த்த புழுதியில் உட்டுளையுடைய காளான் பூத்ததாக நத்தத்தனார் பாடுகின்றார். கறையான், அது அரித்த தூள், அத்தூளிற் காளான் என்னும் மூன்றையும் ஒரு வரிசையில் நிறுத்திய அப்புலவரின் கண், பிற்காலத்து இயற்கைநூலாரின் கண்ணுக்கு இளைத்ததன்று. அதன் காரணம் பின்னர் விளங்கும். இவ்விரு பாட்டிலும் காளான் வறுமையின் குறியாகவே நிற்கின்றது. வடநூலுள் மனுநூல் அதனை உள்ளி முதலியவற்றோடு சேர்த்து இருபிறப்பாளர்க்கு விலக்கிற்று. நம் சைவக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் அது அடுப்பங்கரைக்குள் நுழைவதில்லை. ஊனுக்கு ஒப்பான சுவையுடைமையே அதற்குக் காரணமென்பர் சிலர். தூய்மையற்ற இடத்து முளைத்தலே காரணமென்பர் வேறு சிலர்.

இனி, காளான் என்பது யாது? அது மரமுமன்று, செடியுமன்று, பச்சையம் இல்லாதது, தன் உணவைத் தானே ஆக்க மாட்டாதது. நாம் காணும் குடை, உண்மையில் அவ்வுயிரின் காய் போல்வதே. உயிரின் உடலோ மரத்தினுள்ளே மறைந்து, பஞ்சிழையினும் நுண்ணிய பூசண இழைகளாகப் பரந்து கிடக்கும். இவ்விழைத்தொகுதியைப் பூசணவலை என்பர். அது நொதியங்களைச் சுரந்து மரத்தை வெளியிலேயே செரிப்பித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தின் உறுதிக்குக் காரணமான பொருள்கள் இரண்டு: நாராகிய செலுலோசும், அந்நாரைப் பிணைக்கும் இலிகினினும். இலிகினினையும் சிதைக்கவல்ல காளான் பற்றிய மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். செலுலோசை மாத்திரம் தின்று இலிகினினைப் பெரும்பாலும் விட்டுவிடும் காளான் பற்றிய மரமோ கபில நிறமுற்றுச் சிறு சிறு கட்டிகளாக வெடித்து உதிரும். விறகு பொறுக்கும் சிறுவனும் இவ்விரண்டையும் கையிலெடுத்துப் பார்த்திருப்பான். பெயர் மாத்திரமே அறியான்.

தொல்காப்பியர் அகத்தே வயிரமுடையதை மரமென்றும் புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் வகுத்தார். காளானின் போக்கை அறிதற்கு இப்பகுப்பு இன்றும் உதவும். வெட்டி வீழ்த்திய முதிரையிலோ பாலையிலோ முதலில் அழிவது புறத்தேயுள்ள வெளிறு. அகத்து வயிரம் நெடுங்காலம் தாங்கும். பனையிலோ புறம் இரும்பு போல் நிற்க, உட்சோறு முதலில் உக்கும். ஆதலின், முதிரைக் கட்டையில் மேற்பரப்பெங்கும் காளானைத் தேடலாம். பனந்துண்டத்தில் வெட்டுவாயையும் பிளந்த உட்புறத்தையுமே நோக்கல் வேண்டும்.

மரக்காளான்களுள் எங்கும் மலிந்து கிடப்பது சிசோபிலம் கொம்மியூன் எனப்படும் சிறு விசிறிக் காளான். காம்பில்லாமலே கட்டையை ஒட்டி வளரும். மேற்புறம் சாம்பல் கலந்த வெண்மயிர் போர்த்தது. அகலம் பெரும்பாலும் ஓரிரு விரற்கடைக்கு மேற்படாது. அதன் அடிப்புறத்துத் தகடு ஒவ்வொன்றும் நெடுக்காக இரண்டாய்ப் பிளந்திருப்பதே தனி அடையாளம். வெயிலில் இப்பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும். மழை பட்டதும் விரியும். கனடாவில் வாழ்ந்த புல்லர் என்னும் அறிஞர் 1911ஆம் ஆண்டில் உலர்த்திக் குழாயில் அடைத்து வைத்த இவ்வினக் காளான், அரை நூற்றாண்டு கழித்து நீர் பட்டபோது விரிந்து மீண்டும் வித்திகளை உதிர்த்தது. மெல்லுதற்கு வன்மையானதாயினும், மணிப்பூரிலும் மலாயாவிலும் இதனை விரும்பி உண்பர். இளையதாய்ப் பறித்து நெடுநேரம் அவித்தல் வேண்டும்.

லென்றினசு இசுகுவறோசுலசு என்பது சற்றுப் பெரியது. புனல் போற் குழிந்த வெண்குடையும், அதன்மேற் சிறு செதில்களும், காம்பின்மேல் இறங்கி ஓடும் தகடுகளும் உடையது. இளமையில் மென்மையும் முதிர்ந்தபின் தோலின் தன்மையும் கொண்டது. தென்னிந்தியாவிலும் தாய்லாந்திலும் இது கறியாகின்றது. மரக்காது எனத்தக்க கபில நிறக் கூழ்மடலைச் சீனர் உலர்த்தி விற்பர். செஞ்சாந்து பூசினாற்போல வெயிற்பட்ட கட்டைகளிற் பளிச்சிடும் தட்டுக்காளான் கண்ணுக்கு விருந்தேயன்றி வாய்க்கன்று. மரப்பட்டையைத் தின்பதும் அதனைத் தின்பதும் ஒன்றே.

இனிக் கறையானிடம் வருவோம். மரத்தைச் சிராயாக்கி அதன்மேற் காளானைப் பயிரிடுதலை மனிதன் கற்குமுன்னரே, நெடுங்காலத்துக்கு முன் கற்றுக்கொண்டது கறையான். பட்ட மரத்தைக் கடித்துத் தின்று, செரியாத எச்சத்தைக் கொண்டு புற்றினுள்ளே தேனடை போன்ற கூடு கட்டி, அதன்மேல் ஒருவகைக் காளானை அது வளர்க்கின்றது. காளான் மரத்தூளைப் பதப்படுத்திக் கொடுக்க, கறையான் அதனை உண்ணும். இவ்வதிசயத்தை முதன்முதல் எழுதி வைத்தவர் கேனிக் என்பவர். தரங்கம்பாடியிலும் தஞ்சைச் சீமையிலும் வாழ்ந்த அவர், 1779ஆம் ஆண்டிலே இதனை வெளியிட்டார். ஆகவே உலகறிந்த இவ்வாராய்ச்சி தமிழ் மண்ணின் புற்றிலே தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1905ஆம் ஆண்டில் இலங்கை அரசின் பூசணவியலாளராய் வந்த தொம் பெச்சு, அடுத்த ஆண்டே பேராதனையிலிருந்து இலங்கைக் கறையான் புற்றுக் காளான்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1942ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் உரோசே எயிம் இவ்வினத்துக்குத் தேர்மிற்றோமைசிசு எனப் பெயரிட்டார். மழை பெய்து ஓய்ந்தபின் புற்றடியிலே வெளிவரும் இக்காளானைத் தோண்டிப் பார்ப்பின், அதன் காம்பு வேர்போல நீண்டு கீழேயுள்ள கூடுவரை செல்வதைக் காணலாம். சாம்பியா நாட்டில் இவ்வினத்துள் ஒன்றன் குடை ஒரு மீற்றர் அகலம் வரை விரியும். சுவையில் இதற்கு நிகரில்லை என்பது உண்டவர் துணிபு.

இவ்வளவும் இன்பமான பகுதி. இனி வருவது அச்சத்துக்குரியது. காளானின் நஞ்சைக் கண்டறிதற்கென நாட்டில் வழங்கும் சோதனைகள் பல. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சென்பர். உள்ளியிட்டு அவிக்க உள்ளி நிறம் மாறினால் நஞ்சென்பர். புழு தின்றது மனிதனுக்கும் ஆகுமென்பர். மண்ணில் முளைப்பதே நஞ்சு, மரத்தில் முளைப்பது நன்று என்றும் சொல்வர். இவை அனைத்தும் பொய். காளானின் கொடிய நஞ்சாகிய அமற்றொட்சின் வெள்ளியைக் கறுப்பிப்பதில்லை; அவித்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை; புழுவோ அதனைத் தின்று சுகமாக வாழும். அதனை உண்டவனுக்கு ஆறு மணி நேரம், சிலவேளை அதனினும் மிகுதியான நேரம், யாதொரு குறியும் தோன்றாது. பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமும் கடுமையாக வரும். அவை தணிந்து நோயாளி தேறியவன்போலக் காணப்படும் அந்நாளிலேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். இந்தப் பொய்த்தேற்றத்தை நம்பி வைத்தியசாலைக்குச் செல்லாது விடுதலே பேரிடர். உண்டபின் வெகுநேரம் கழித்து வாந்தி தொடங்குமாயின் அதுவே பெருங்கேட்டின் அடையாளம். எஞ்சிய காளானையும் உடனெடுத்துக்கொண்டு விரைதல் வேண்டும்.

மரத்தில் முளைப்பது நன்று என்னும் கூற்றைத் தனியே மறுத்தல் அவசியம். கலரினா மார்ச்சினாற்றா என்னும் சிறு கபிலக் காளான், குளிர்நாடுகளில் உக்கும் கட்டைகளிலும் மரச்சிராய் பரப்பிய பூம்பாத்திகளிலும் முளைப்பது. அதனிடத்தும் அமற்றொட்சினே உள்ளது. தொறந்தோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் குடியேறிய வன்னி மக்கள், பூங்காக்களின் நடைபாதையோரத்தில் ஈரங்காக்கப் பரப்பிய மரச்சிராயிற் காளான் மண்டுவதைக் காண்பர். அங்கே தின்னத்தக்க செங்குடை இனமொன்றும், அறிவை மயக்குவதும் சட்டம் பல நாடுகளில் விலக்கியதுமான இனமொன்றும், உயிர் கொல்லும் கலரினாவும் ஒரே பாத்தியில் நிற்கக்கூடும். பிறந்த ஊரில் பயின்ற கண் புகுந்த நாட்டிலே துணை செய்யாது. 2012ஆம் ஆண்டுப் புத்தாண்டை ஒட்டிக் கன்பராவிலே காட்டுக் காளானை உண்ட இருவர் மாண்டனர். அவர்கள் உண்டது, கிழக்காசிய மக்கள் வைக்கோலிற் பறிக்கும் காளானின் இளம்பருவத்தை ஒத்த மரணக்குடை என்னும் இனமாகும்.

ஒத்திருக்கும் இவ்விரண்டையும் பிரிக்கும் வழி எளியது. பள்ளி மாணவனும் செய்யலாம். முதிர்ந்த குடையைக் காம்பு நீக்கித் தகடுகள் கீழ்நோக்க ஒரு தாளின்மேல் வைத்து, கோப்பையாற் கவிழ்த்து மூடி, ஓரிரவு விட்டால் வித்திகள் உதிர்ந்து தாளிலே படிவமாகும். தாளின் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருத்தல் நலம். வெண்வித்தி கறுப்பிலே தோன்றும். வைக்கோற் காளானின் படிவம் இளஞ்சிவப்பு, மரணக்குடையினது வெண்மை. வெப்பநாடுகளின் புற்றரைகளில் மழைக்குப்பின் மலிவதும், கொடிய வாந்தியைத் தருவதுமான குளோரோபில்லம் மொலிப்டைற்றிசு என்னும் வெண்குடையின் படிவமோ பச்சை. வேறோர் எச்சரிக்கையும் உண்டு. காளானைக் காம்பில் வெட்டாது அடியோடு தோண்டி எடுத்தல் வேண்டும். காம்பினடியிற் கிண்ணம்போன்ற உறை இருப்பின், அது நச்சினமாதல் கூடும் என ஐயுறல் வேண்டும். அவ்வுறை மண்ணுள் மறைந்து கிடப்பது. படிவமும் உறையும் தீயவற்றை விலக்க உதவுமேயன்றி, எஞ்சியவை நல்லவை என்பதற்குச் சான்றாகா. இனமறிந்த ஒன்றையே உண்ணலாம். வன்னிக் காளான்களைப் படத்தோடு விளக்கும் தமிழ்க் கைந்நூலொன்று ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் இருக்கவேண்டியது.

நஞ்சு காளானுள் மாத்திரமன்று, அது நின்ற இடத்திலும் உண்டு. மரக்காலையின் பின்புறத்துத் தூளிலும் சிராயிலும் முளைப்பது மனத்தைக் கவரும். ஆயின், செம்பும் ஆசனிக்கும் கலந்த காப்புமருந்து ஊறிய கம்பங்களின் சிராயும், சாயம் பூசிய பழம்பலகையின் தூளும் அக்குவியலிற் கலந்திருக்கலாம். காளான் உலோகங்களை உறிஞ்சித் தன்னுட் சேர்க்கும் இயல்பினது. காட்டினுள்ளோ இடர் வேறு. 2009ஆம் ஆண்டில் முடிந்த போரின் கண்ணிவெடிகள் நெடுங்காலம் முகமாலை முதலிய இடங்களில் மண்ணுட் கிடந்தன. எச்சரிக்கைப் பலகை நிற்கும் எல்லைக்கப்பால் எவ்வளவு பெரிய காளான் வெண்குடை விரித்தாலும் கால் வைத்தலாகாது. ஒதுக்கிய காடுகளிலிருந்து வனப்பொருள்களை எடுத்தல் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதும் அறியத்தக்கது.

இவ்வச்சங்கள் யாவும் இன்றிக் காளான் உண்ண விரும்புவோர் கறையானின் வழியைப் பின்பற்றலாம். இலங்கையிற் சிப்பிக்காளான் வளர்ப்போர் றப்பர் மரத்தூளோடு தவிடும் சிறிது சுண்ணாம்பும் பயற்றமாவும் கலந்து, ஈரமாக்கிப் பொலித்தீன் பைகளில் அடைத்து, நீராவியில் அவித்து, ஆறியபின் விதைப்பர். அவிப்பது தூளிலுள்ள பிற பூசணங்களைக் கொல்லுதற்காம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூசணவலை பையெங்கும் வெளுத்துப் பரவும். பின்னர்ப் பையைத் திறந்து நாள்தோறும் நீர் தெளித்தால் குடைகள் கொத்தாக வெளிவரும். வன்னியில் றப்பர் மரம் அரிது. தூளைத் தெற்கிலிருந்து லொறியில் ஏற்றவேண்டும். முதிரை, பாலை முதலிய வைர மரங்களின் தூள் பூசணத்துக்கு எளிதில் இடங்கொடாது. ஆனால் காலபோக அறுவடைக்குப்பின் வயல்களிலே கொளுத்தப்படும் வைக்கோல் ஏராளம். சிப்பிக்காளான் வைக்கோலிலும் செவ்வனே வளரும்.