வளைவில் கேட்ட ‘டக் டக்’!

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவது புருஷர்களின் தனி உரிமை என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி பாயும் வண்டி ஒன்றும் உண்டு. பெரியம்மாவுக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் இரண்டு நல்ல காதுகள் இருக்கின்றன.

அவர்களுடைய மகள் வால்பாறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோற்று விருந்து நடத்தி, அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர நாள் குறித்தாகிவிட்டது. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, தோப்பு வாசலில் பெரியப்பா வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பினார். அப்போதுதான் பெரியம்மா அதைக் கேட்டார்: ‘டக்... டக்... டக்...’

“ஏனுங்க, திருப்பறப்ப என்னமோ சத்தம் கேக்குதுங்களே!”

“வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். நீ சோத்து மூட்டையைப் பாரு.”

“நேராப் போறப்ப வர்றதில்லீங்க. திருப்பறப்ப மட்டுந்தான் வருது. புள்ளத்தாச்சியை வெச்சுக்கிட்டு நாப்பது வளைவு எறங்கோணும். இதைப் பார்க்காம நான் வண்டியில ஏற மாட்டேனுங்க!”

விருந்தாளியாகப் போயிருந்த நானும் பட்டறைக்குக் கூடவே போனேன். மேஸ்திரி முன்சக்கரத்தைத் திருப்பிவிட்டு, விளக்குடன் வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்தபோது அவர் விரலெல்லாம் கறுப்பு கிரீஸ்.

“அம்மாவோட காதுக்கு ஒரு கும்பிடு போடோணுங்க. சி.வி. ஜாயிண்ட் போச்சு!” என்றார்.

மூட்டு என்ன செய்கிறது?

நம் உடம்பில் தோளும் மணிக்கட்டும் எப்படியோ, அப்படித்தான் வண்டிக்கு இந்த ஜாயிண்ட். எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஆக்ஸில் ஷாப்ட் என்ற இரும்புத் தண்டு. சக்கரமோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. குழியில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது. முன்சக்கரமானால் இடமும் வலமும் வேறு திரும்புகிறது. விறைப்பான தண்டு இதற்கெல்லாம் வளைந்து கொடுக்குமா? ஆகையால் தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டு வைத்திருக்கிறார்கள்.

வளையும் மூட்டு பழைய சரக்குதான். 17-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் அதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வளைந்த நிலையில் அது சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இரண்டு முறை கூடிக் குறையும், சக்கரம் உதறும். 1926-ல் அமெரிக்காவில் ஆல்பிரட் ஷெப்பா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு கிண்ணத்துக்குள் பள்ளங்கள், அந்தப் பள்ளங்களில் ஓடும் எஃகுக் குண்டுகள், குண்டுகளைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஒரு கூடு! எவ்வளவு வளைந்தாலும் இரு பக்கமும் ஒரே வேகம். ஒரே வேகத்தைக் கொடுப்பதால்தான் சி.வி. என்ற பெயர்.

பொள்ளாச்சி பஸ்ஸும் ஜீப்பும்

கோவை ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார் அல்லவா? அந்தக் காலத்து பஸ்களில் பின்சக்கரம் தள்ளும். முன்சக்கரம் திரும்ப மட்டும் செய்யும். ஆகவே இந்தத் தொல்லையே இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜீப் வந்தது. அதன் முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அங்கேதான் ஷெப்பாவின் மூட்டும் அதன் பங்காளிகளும் பேர் வாங்கின. 1947-ல் மஹீந்திரா நிறுவனம் நம் நாட்டிலேயே ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது. 1983-ல் வந்த மாருதி 800, முன்சக்கரம் இழுக்கும் வண்டியைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கே கொண்டுவந்தது.

முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார்களில் நான்கு மூட்டுகள் இருக்கும். பெரியப்பாவின் வண்டியைப் போல நான்கு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கி, நான்கும் இழுக்கும் வண்டியானால் எட்டு. பின்பக்கம் ஒரே கட்டையான ஆக்ஸில் உள்ள ஜீப் வகைகளில் கணக்கு குறையும்.

ஆர்மோனியத் துருத்தி

எஃகுக் குண்டு எளிதில் தேயாது; கிரீஸ் இருக்கும் வரையில்! கிரீஸைக் காப்பாற்றுவது ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் உறை. பட்டறையில் இதை ‘பூட்’ என்கிறார்கள். வெயிலிலும் வளைவிலும் நாளாவட்டத்தில் அந்த மடிப்பு வெடிக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற கிரீஸ் வெளியே தெறிக்கிறது. மண்ணும் தண்ணீரும் உள்ளே போகின்றன. பிறகு அம்மியில் வைத்து அரைப்பதுபோல் குண்டும் பள்ளமும் அரைபடுகின்றன. ‘டக் டக்’ என்று கேட்பது அந்தத் தேய்மானத்தின் குரல். அதை அலட்சியம் செய்து ஓட்டிக்கொண்டே போனால், ஒரு நாள் மூட்டு உடைந்து, சக்கரத்துக்குச் சக்தி போகாமல் வண்டி நடுவழியில் நிற்கும். அந்த இடம் ஆழியாறு மலைப்பாதையாக இருந்தால்?

பெரியப்பாவின் வண்டியில் முன் இடது சக்கரத்தின் உறை கிழிந்து மூட்டும் தேய்ந்துவிட்டது. மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. மற்ற ஏழையும் பார்த்ததில், பின்பக்கம் ஒரு உறையில் இப்போதுதான் விரிசல் கண்டிருந்தது. உள்ளே மண் போகவில்லை. அங்கே புது உறை, புது கிரீஸ், இரண்டு கிளாம்ப், அவ்வளவுதான்! இரண்டுக்கும் ரசீதைப் பார்த்த பெரியப்பா சிறிது நேரம் பேசவே இல்லை. உறையைப் பார்த்திருந்தால் மூட்டு பிழைத்திருக்கும்.

நாம் செய்யக் கூடியது

வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் சகோதரிகள் இவற்றைக் கவனிக்கலாம்:

முழுக்கத் திருப்பும்போது ‘டக் டக்’ என்றால், சக்கரத்தை ஒட்டிய வெளி மூட்டில் கோளாறு இருக்கலாம். நேராகப் போகையில் வேகம் கூட்டும்போது வண்டி நடுங்கினால், உள் மூட்டைச் சந்தேகிக்கலாம்.

நிறுத்திய வண்டியின் முன்சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்லி, குனிந்து பாருங்கள். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். கையை மட்டும் உள்ளே விட வேண்டாம்.

ஒவ்வொரு சர்வீஸின்போதும், சேற்றிலும் கல்லிலும் ஓட்டிய பிறகும், எல்லா உறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் அநேகர்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு வேகமாகக் கிளப்ப வேண்டாம். மூட்டுக்கு மிகவும் சிரமமான நிலை அது.

குறித்த நாளில் கட்டுச்சோறு மலையேறியது, மகளும் மலையிறங்கினாள். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், கீழே ஆழியாறு அணை பளபளக்க, பெரியப்பா வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்.

“ஏம் புள்ள, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?”

“கேக்குதுங்க” என்றார் பெரியம்மா. “நாப்பது வளைவுல முப்பது தடவை நீங்க இதையே கேட்ட சத்தந்தான்!”