மாதவிடாய் நின்றதென்று எப்போது சொல்லலாம்?

ஒரு பெண் பூப்பெய்திய நாளை நம் ஊரில் அறியாதார் இல்லை. சாமத்தியச் சடங்குக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சிட்டு, உற்றார் உறவினர்க்கெல்லாம் அறிவிக்கின்றோம். அதே பெண்ணுக்கு மாதவிடாய் நிற்குங் காலம் வரும்போதோ வீட்டிலுள்ளோர் அறிவதில்லை. பல வேளைகளில் அவளே அறிவதில்லை. கூச்சம் மட்டும் இதற்குக் காரணமன்று. இறுதி மாதவிடாய் வந்த அன்று, அதுவே இறுதியானதென எவராலும் கூற இயலாது. பின்னோக்கிப் பார்த்தே அறிதல் வேண்டும்.

வைத்தியர்கள் கொண்டுள்ள அளவுகோல் எளியது. 45 வயதைக் கடந்த ஒருத்திக்கு, வேறு காரணமின்றித் தொடர்ந்து 12 மாதங்கள் உதிரப்போக்கு இல்லாதிருப்பின் மாதவிடாய் நின்றுவிட்டதெனக் கொள்வர். பதினோராம் மாதத்தில் ஒருமுறை வந்துவிட்டாலும் கணக்கை முதலிலிருந்தே தொடங்கவேண்டும். பெரும்பாலோர்க்கு இஃது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழும். 40 வயதுக்கு முன்னரே நிற்குமாயின், எலும்பின் வலிமை குன்றும் ஆபத்து உண்டாதலின், வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

குழப்பம் மிக்கவை அதற்கு முந்திய சில ஆண்டுகளே. சூலகங்களின் ஓமோன் சுரப்பு நிலைகுலைவதால், மாதவிடாய் சிலகாலம் மூன்று கிழமைக்குள் வரும். சிலகாலம் மும்மாதம் வராது. மார்பிலிருந்து முகத்துக்கு ஏறும் திடீர் வெப்பம், இரவில் உடை நனைய வியர்த்தல், உறக்கமின்மை, காரணமற்ற சினம் ஆகியனவும் தோன்றும். 'அம்மாவுக்கு இப்போது தொட்டதற்கெல்லாம் கோபம்' என முணுமுணுக்கும் பிள்ளைகள் இதனையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் இவற்றைக் கொண்டே முடிவுகட்டுதல் தவறு. தைரொயிட் சுரப்பியின் கோளாறும் இதே வியர்வையைத் தரும். 'இனி அச்சமில்லை' என்றிருந்து கருவுற்றோரும் உண்டு. ஆகையால், 50 வயதுக்கு முன் நின்றவர் ஈராண்டும், பின் நின்றவர் ஓராண்டும் கருத்தடையைக் கைவிடலாகாது.

இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதோ எனின், சுரப்பு ஓயாது ஏறி இறங்குவதால் இன்றைய விடை அடுத்த மாதம் பொய்த்துவிடும். 45க்கு மேற்பட்டோர்க்கு அச்சோதனை பெரும்பாலும் வேண்டியதில்லை. கருப்பை மட்டும் அகற்றப்பட்டோர்க்கும், கருத்தடை ஊசி போடுவோர்க்கும் இந்த மாதக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் வைத்தியரையே கேட்கவேண்டும்.

ஏனையோர்க்கு நாட்காட்டியே போதிய கருவி. கோயிலுக்குப் போகும் நாளையும் விரத நாளையும் பார்ப்பதற்காக நம் பெண்கள் இக்கணக்கை நெடுங்காலமாக மனத்திலே வைத்திருக்கின்றனர். அதை நாட்காட்டியில் ஒரு புள்ளியாக இடுவது பெரிய வேலையன்று.

அப்புள்ளி உயிர்காப்பதும் உண்டு. ஓராண்டு நின்றபின் மீண்டும் உதிரங் கண்டால், பழையபடி வந்துவிட்டதென மகிழ்வோரும், வெளியிற் சொல்ல நாணி மறைப்போரும் உளர். அது மாதவிடாய் அன்று. ஒரு துளியாயினும் வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும். பெரும்பாலும் உட்தோல் மெலிந்தமை போன்ற சிறு காரணமே இருக்கும். ஆனால், இவ்வாறு உதிரங் கண்டு வருவோரில் ஏறத்தாழப் பத்திலொருவர்க்கு அது கருப்பையின் உட்சுவரில் எழும் புற்றுநோயின் அறிகுறி. தொடக்கத்திலே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். மறைத்து வைத்த மாதங்களே கேடு செய்வன.

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதைக் கடந்த பெண்களுக்காகவே நடைபெறுகின்றன. அவை கூடும் நாளையும் இடத்தையும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் கூறுவார். போகும்போது நாட்காட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். இறுதியாக வந்த திகதி எது என்பதே அங்கு முதலிற் கேட்கப்படும் கேள்வி.