ஜுரம் இல்லாத ஜுரம்!

காஞ்சீபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை, நெசவாளர் ஊர். தறி நின்றாலும், கறவைப் பசு உள்ள வீட்டில் அடுப்பு எரியும்.

அந்தப் பசு கன்று போட்ட மறுநாளே சாய்ந்து விட்டால்? கழுத்தை மடித்துப் படுத்துக் கொள்ளும். காது சில்லிட்டு விடும். இதற்குப் பெயர் பால் ஜுரம். வேடிக்கை என்னவென்றால், ஜுரமே இருக்காது!

1897-ல் டென்மார்க் கால்நடை டாக்டர் ஷ்மிட், மடிக்குள் மருந்து ஏற்றினார். பசுக்கள் பிழைத்தன. பிறகு, வெறும் காற்றை அடைத்தாலே போதும் என்று தெரிந்தது. ஏன்?

1925-ல் ஸ்காட்லாந்து அறிஞர்கள் டிரையரும் கிரெய்க்கும் காரணம் கூறினார்கள். ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து பாலோடு இறங்கி விடுகிறது. காற்று நிரம்பிய மடியில் பால் சுரக்காது, சத்து மிஞ்சும்.

ஆனால் காற்றோடு அழுக்கும் புகுந்து மடி வீங்கியது. இப்போது டாக்டர் அந்தச் சத்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுகிறார். வேகம் கூடினால் இதயம் நின்று விடும்! பெரும்பாலும் அன்றே பசு எழுந்து கன்றைத் தேடும்.