நிலத்திற்கு வெளியே ஜீவனம்

ஜனங்கள் செய்யும் தொழில்களை மூவகையாகப் பிரிப்பது வழக்கம். பயிர்த்தொழிலும் மீன்பிடித்தலும் முதல் வகை. யந்திரசாலையும் கைத்தொழிலும் இரண்டாவது. வர்த்தகம், போக்குவரத்து, உத்தியோகம் முதலியன மூன்றாவது. செல்வம் பெருகப் பெருக, ஜனங்கள் முதல் வகையினின்றும் மற்ற இரண்டிற்கும் செல்வர் என்று காலின் கிளார்க் என்னும் பொருளாதார நிபுணர் 1940-ம் வருஷத்தில் பல தேசங்களின் கணக்குகளைக் கொண்டு விளக்கினார்.

நம் தேசத்தில் 2023-24-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்கின்படி, உழைப்போரில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருக்கின்றனர். தேச வருமானத்திலோ விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. உழவர் சோம்பேறிகள் என்பது இதன் பொருளன்று. இருவர் செய்யக்கூடிய வேலையை நால்வர் பங்கிட்டுக் கொள்வது இதற்கு ஒரு பெருங் காரணமாகும்.

மூவகைத் தொழிலையும் அடுத்தடுத்துக் காண விரும்புவோர் திருவொற்றியூரை அடுத்த விம்கோ நகருக்குச் செல்லலாம். 1923-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தார் மூலதனத்தில் ஏற்பட்ட மேற்கிந்திய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே அவ்விடத்திற்கு வழங்குகிறது. வடக்கே எண்ணூரில் கழிமுகத்து மீனவர், மோட்டார்த் தொழிற்சாலை, துறைமுகம் ஆகிய யாவும் உள. 2021 முதல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை ஓடுகிறது.

கம்பெனி யந்திரத்தால் தீக்குச்சி செய்தது. அதே காலத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து, மழை பொய்க்கும் சிவகாசியில் கையினால் செய்யத் தொடங்கினர். பெட்டி ஒட்டும் வேலை வீடுதோறும் பரவியது. ஒரே சரக்கு; ஆயினும் யந்திரத்தைவிடக் கைமுறை பன்மடங்கு பேருக்கு வேலை கொடுத்தது. எனினும் கூலி குறைவு. சிறுவரும் அதில் உழன்றனர். 1986-ம் வருஷத்துச் சட்டம் அத்தொழிலில் சிறுவரை அமர்த்துவதைத் தடுத்தது.

தொழிற்சாலை வந்தால் எல்லோர்க்கும் வேலை கிட்டும் என்று நம்பிவிடலாகாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, வலையும் படகும் பாழாகி மீனவர் பிழைப்பு நின்றது. முதல் தொழிலை இழந்தவனுக்கு இரண்டாவதில் இடம் தானாகக் கிடைப்பதில்லை.

ஆகவே அங்கத்தினர்களே! நிலத்தை அடகு வைத்து மகனைப் பட்டணம் அனுப்புமுன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்: கைவசம் என்ன தொழில் கற்றிருக்கிறான்? வேலை நிரந்தரமா, ஒப்பந்தக் கூலியா? வாடகையும் உணவும் போக வீட்டிற்கு என்ன மிஞ்சும்? தொழில் கற்பதற்கும், அறுவடைக்குப்பின் சும்மாயிருக்கும் மாதங்களில் கறவை மாடு, நெசவு முதலிய உபதொழில்களுக்கும் கடன் கொடுக்கச் சங்கங்கள் முன்வர வேண்டும். நிலத்தை இழந்து நிலத்தைவிட்டுப் போவது வேறு. தொழில் கற்றுப் போவது வேறு.