தூளுக்கும் பெயர் வைத்த ஊர்

ஆணி, மடங்கு, வடிவு, தூள். முத்தை இப்படித் தரம் தரமாகப் பிரித்துப் பெயர் வைத்த கடற்கரை தூத்துக்குடி. துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களில் அளவுவாரியாகச் சலித்து, பிறகு நிறமும் உருட்சியும் பார்த்துத்தான் விலை பேசினார்கள். கடுகிலும் சிறிய தூளுக்குக்கூட முத்துப் பற்பம் செய்கிற வைத்தியர் காத்திருந்தார். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. பிரித்துப் பார்க்கிற அந்தப் புத்தி, பக்கத்தில் இருக்கும் புதியம்புத்தூரின் வெட்டுத்துணி மூட்டைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

புதியம்புத்தூரைக் ‘குட்டித் திருப்பூர்’ என்பார்கள். உள்பாவாடை, நைட்டி, கவுன், சட்டை என்று தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தையல் மெஷின் ஓயாது. அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது நூற்றுக்குச் சுமார் 15 பங்கு துணி வீணாகும் என்பது ரெடிமேட் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாவாடையின் சாய்வான கலித் துண்டுகளைத் தலைமாற்றிப் போட்டு வெட்டினால் மிச்சம் குறையும். கவுனில் அது நடக்காது. கைக்குழியும் கழுத்தும் வளைவு வளைவாகத் துண்டுகளை உதிர்க்கும். விரிப்பின் கடைசியில் அரை மீட்டர், முக்கால் மீட்டர் பிட்டு நிற்கும். நல்ல பிட்டும் விரலகலத் துணுக்கும் ஒரே சாக்கில் கிலோக் கணக்கில் போவதுதான் வழக்கம்.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பிட்டு தேடுபவர்கள் துணிப் பொம்மை, ஒட்டுத்துணி விரிப்பு, துணி நகை செய்கிறவர்கள். “அக்கா, இதுல காட்டன் எது? சாயம் போகுமா?” என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அமெரிக்காவில் ஒட்டுத்துணிக்காரர்களுக்கென்றே 5 அங்குலச் சதுரம், 2.5 அங்குலப் பட்டை என வெட்டிக் கட்டி விற்கிறார்கள். நம் பக்கம் ‘மிக்ஸ் பிட்டு ஒரு கிலோ’ என்று ஒரு படம் போட்டால் முடிந்தது. 44 அங்குல அகல பாப்ளின் மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் இருக்கும். எட்டு மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டவர் கைக்கு வருவது துணுக்குக் குவியல் என்றால், மறுபடி ஆர்டர் எங்கிருந்து வரும்? எது காட்டன் என்று அறிவது எளிது. நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாக உறையும். அதைப் பார்த்து, துணியின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப்போட இரண்டு நிமிடம் போதும்.

இணையச் சந்தை வழியே பெங்களூருக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் விற்கலாம் என்று 2023 அக்டோபரில் வந்த சலுகை மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிக்கு மட்டும்தான். அதுகூடப் பரவாயில்லை, தரம் பிரிக்க ஆள் கூலி கட்டாது, சாக்கோடு தள்ளினால் உடனே காசு என்பது வியாபாரிகளின் பதில்.

‘கூலி கட்டாது’ என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. தொட்டவுடனே பருத்தியா, கலப்பா என்று சொல்லும் விரல்கள் தைக்கிற பெண்களுடையவை. தையலுக்குப் பீஸ் ரேட் உண்டு. பிரிப்பதற்கு? “வேலை முடிஞ்சதும் அந்தச் சாக்கையும் கொஞ்சம் பார்த்துட்டுப் போங்கக்கா” என்பதோடு அது முடிந்துவிடும். கூரியருக்கு எடைக்கு ஏற்பக் காசு கொடுக்கிறோம். குனிந்து உட்கார்ந்து பிரித்த ஒரு மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கால்மிதி தைக்கவும் தலையணைக்குள் திணிக்கவும் அந்தப் பெண்கள் கேட்டு வாங்கிப்போன துண்டுகள் அவை. பிட்டுக்கு விலை கிடைத்துவிட்டால் அந்தத் துண்டும் அவர்கள் வீட்டுக்குப் போகாது.

வெள்ளையர் காலத்து முத்துக்குளிப்பில் மூழ்கியவர்களுக்குத் தினக்கூலி கிடையாது. அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒன்று அவர்கள் பங்கு. பிட்டு விற்பனையிலும் பிரிக்கிறவர்களுக்கு விற்ற விலையில் பங்கு என்று முதல் ஆர்டரிலேயே எழுதிவைக்க வேண்டும். எவ்வளவு என்பதை வியாபாரிகள் அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். தீபாவளித் தையல் தொடங்குவதற்குள் பேசிவிட வேண்டும். தொடங்கிவிட்டால் அந்தப் பெண்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது.