இலெமூரியாவும் அறிவியல் வரலாறும்: சுமதி ராமசாமியின் ஆய்வுப்பாதை

மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கின ஒப்புமையை விளக்கவே, 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் இலெமூரியா என்னும் மறைந்த கண்டத்தைக் கருதுகோளாக முன்வைத்தார். பின்னாளில் நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றதும் அறிவியல் அதனைக் கைவிட்டது. தமிழுலகமோ அதற்கு முன்பே, இறையனார் அகப்பொருள் உரை கூறும் கடல்கோளுடன் அதனை இணைத்துக் குமரிக்கண்டமாகத் தனதாக்கிக்கொண்டது.

தமிழ்ப்பற்றின் வரலாற்றை 1997இல் நூலாக்கிய வரலாற்றாய்வாளர் சுமதி ராமசாமி, 2004இல் இலெமூரியாவை எடுத்துக்கொண்டார். அக்கண்டம் இருந்ததா என்பதன்று அவர் வினா. இழப்புணர்வு எவ்வாறு புவியியல் அறிவாக உருக்கொள்கிறது என்பதே. அவரைக் குமரிக்கண்ட மறுப்பாளராக மட்டும் வாசிப்போர் இவ்வினாவைத் தவறவிடுகின்றனர் என்பது என் கருத்து. பாரதமாதா நிலப்படங்களை 2010இலும், புவிக்கோளம் இந்திய வகுப்பறைக்குள் நுழைந்த வரலாற்றை 2017இலும் அவர் நூலாக்கியதற்கும் இவ்வினாவே அடிப்படை.