பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பிணக்கு

மோடம் டயல் செய்யத் தொடங்கிய மாத்திரத்தில் மவுஸ் அசைவற்று நின்றுவிடுவதும், பிரிண்டர் பாதிப் பக்கத்தோடு ஓய்ந்துபோவதும் 1990-களில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பரிச்சயமான அவஸ்தைகள். அதைக் கண்டு, யந்திரத்தின் ஆயுள் முடிந்ததென்று தீர்மானித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது பெரிய அநியாயம். ஏனெனில் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்துவைத்த எத்தனையோ தமிழ்ப் பிரதிகளைத் திறக்க அந்த யந்திரமே கதியாக இருக்கக்கூடும். அதில் பழுதுபட்ட உறுப்பு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

கீபோர்டு, மோடம் முதலிய ஒவ்வொரு சாதனமும் தனக்குக் காரியம் வந்திருப்பதை பிராசஸருக்கு அறிவிக்க ஒரு தனித் தடம் வேண்டும், அதுவே ஐ.ஆர்.க்யூ. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இத்தகைய தடங்கள் 8; 1984-இல் வந்த ஏ.டி. மாடலில் 16 ஆக்கப்பட்டும், இரு சில்லுகளை இணைப்பதிலேயே ஒன்று கழிந்து 15 மிஞ்சின. மவுஸும் மோடமும் இணையும் சீரியல் போர்ட்டுகளான காம் 1-க்கும் காம் 3-க்கும் வழக்கமாக 4-ஆம் தடமே. பிரிண்டருக்குரிய 7-ஐ ஆரம்பகால சவுண்ட் கார்டுகளும் கோரின. ஒரே தடத்துக்கு இரு சாதனங்கள் போட்டியிடுவதே இந்தப் பிணக்கு. மலைத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் மலையடிவார ஊரான பண்பொழியின் விவசாயிக்கு, ஒரே நாழிகையில் ஒரே மடையை இருவர் திறந்தால் என்ன நேருமென்று சொல்லவேண்டியதில்லை.

பரிகாரத்துக்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். குற்றாலச் சாரல் வீசும் மாதங்களில் கார்டின் செப்புப் பற்களில் ஈரத்தால் களிம்பு ஏறியிருந்தாலும் இதே லக்ஷணங்கள் தோன்றும். மின்சாரத்தைத் துண்டித்து, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தாலே போதும். அதன் பின்னும் தொல்லை நீடித்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி எங்கே நிற்கிறதென்று பாருங்கள். அதுவும் துணைசெய்யாதபோது, டிஸ்ப்ளே கார்டு தவிர மற்றவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகி, எது வந்ததும் யந்திரம் ஸ்தம்பிக்கிறதென்று பொறுமையோடு கவனிக்கும் பழைய முறைக்கு ஈடான முறை வேறில்லை. 1995-இல் விண்டோஸ் 95 பிளக் அண்ட் பிளே ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோதிலும், ஜம்பர் என்னும் சிறு செருகியால் எண்ணை நிர்ணயிக்கும் கார்டுகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. மவுஸ் காம் 1-இல் இருந்தால், போர்டிலுள்ள காம் 2-ஐ பயாஸில் அடைத்துவிட்டு, மோடத்தின் ஜம்பரை காம் 2-க்கு மாற்றினால் பிணக்குத் தீரும்.

மென்பொருளிலும் இதே சச்சரவு உண்டு; இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பை ஒரே சமயத்தில் சோதிக்கப் புகுந்தால் யந்திரம் தவித்துப்போகும், ஒன்றை நீக்கத்தான் வேண்டும்.

எந்த ஜம்பர் எங்கே இருந்தது, எந்த எண்ணுக்கு மாறியது என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி கேபினெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பின்னொரு நாள் அதைத் திறக்கிறவருக்கு அது பேருபகாரம்.